குப்பையை வாங்கப்போவது யார்?

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாதக் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் கைக்கு வரும் தீர்மானக் கட்டில் குப்பை சம்பந்தமாக ஒன்றிரண்டாவது இல்லாமல் போகாது. லாரி வாங்க, லாரியைப் பழுது பார்க்க, ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்க, கிடங்கில் பிடித்த தீயை அணைத்த செலவுக்குப் பின்னேற்பு கொடுக்க. பெரும்பாலும் எல்லாம் 'ஆல் பாஸ்'. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று வார்டில் ஆயிரம் கிடக்க, குப்பைத் தீர்மானத்தை வரிவரியாகப் படிக்க யாருக்கு நேரம் என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் இப்போது வரத் தொடங்கியிருக்கும் தீர்மானங்கள் வேறு மாதிரியானவை. குப்பையிலிருந்து எரிவாயு, குப்பையிலிருந்து மின்சாரம், புழு வளர்த்துக் கோழித்தீவனம், பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று வண்ணப்படங்களோடு வருகின்றன. அவற்றுக்குக் கை தூக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். உள்ளே எத்தனை டன் போகும் என்பது இருக்கட்டும். வெளியே வருவதை யார் வாங்கப்போகிறார்கள், என்ன விலைக்கு?

இந்தூரைச் சொல்லாமல் குப்பையைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. உங்களில் பலர் அங்கே போய்ப் பார்த்தும் வந்திருப்பீர்கள். 2022 பிப்ரவரியில் அங்கே தேவ்குராடியா குப்பைக் கிடங்கு வளாகத்தில் திறக்கப்பட்ட பயோ சிஎன்ஜி ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைச் செரித்து 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் இயற்கை உரமும் தரும்படி கட்டப்பட்டது. கணக்குப் போட்டால் ஒரு டன் சமையலறைக் குப்பைக்கு முப்பது கிலோ வாயு. நகரப் பேருந்து ஒன்று அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடிவிடும். போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது அந்த ராட்சதத் தொட்டிகளைப் பற்றியும் குப்பை தெரியாத தெருக்களைப் பற்றியும்தான். ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. உற்பத்தியாகும் வாயுவில் குறைந்தது பாதியை மாநகராட்சியே தன் பேருந்துகளுக்காக வாங்கிக்கொள்ளும் என்பது ஆலை வருவதற்கு முன்பே முடிவானது. மறுபக்கம், குப்பையைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனம் மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி ரூபாய் செலுத்த வேண்டும். நம் ஊர்களில் குப்பையை எடுத்துப் போகச் சொல்லி நாம் பணம் கொடுக்கிறோம். அங்கே குப்பை வேண்டுமென்று ஒருவர் பணம் கொடுக்கிறார். காசு போகும் திசையே மாறிவிட்டது.

ஏன் கொடுக்கிறார்? சரக்கு சுத்தம். ஆலை வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வீட்டு வாசலில் ஈரக்குப்பையைத் தனியாக வாங்கும் பழக்கத்தை அந்த ஊர் கொண்டுவந்துவிட்டது. முதலில் பிரித்தார்கள், பிறகு வாங்குபவரைப் பிடித்தார்கள், ஆலை கடைசியில் வந்தது. நாம் பெரும்பாலும் ஆலையில் தொடங்குகிறோம். அதற்குத்தான் கல்வெட்டு உண்டு.

அதே இந்தூரில், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் தாவரக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி, புரட்டி, சில மாதங்களில் எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அவர் 1931இல் அதை நூலாக வெளியிட்டார். உலகம் முழுவதும் 'இந்தூர் முறை' என்றே அதற்குப் பெயர். 1930களின் இறுதியில் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா நகரக் குப்பைக்கென்றே இன்னொரு முறையை உருவாக்க, அது 'பெங்களூர் முறை' ஆயிற்று. ஆக, மக்கவைக்கும் வித்தை நமக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. தொழில்நுட்பம் இல்லாததால் தோற்றோம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

தோற்ற கதைகளும் உண்டு. அவற்றையும் தீர்மானத்தோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள். 1980களின் பிற்பகுதியில் டெல்லி திமார்ப்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் எரியுலை கட்டினார்கள். நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். தொடர்ந்து ஓட முடியாமல் சீக்கிரமே நின்றுபோனது, ஏனென்றால் வந்து சேர்ந்த குப்பை எரியவில்லை. நம் சமையலறைக் கழிவில் எடைக்கு எழுபது, எண்பது சதவீதம் தண்ணீர். கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிலோவை ஆவியாக்கவே 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும். கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையைத்தான் எரிபொருளாகப் பார்த்தது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி. வாழைப்பழத் தோலும் சாம்பார் வடிகட்டலும் சேர்ந்த குப்பையை உலையில் போடுவது, தண்ணீரைக் காசு கொடுத்துக் கொளுத்துவது. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் எரியுலை வேண்டாம் என்று வடசென்னைக்காரர்கள் சொல்வதற்குப் புகையும் சாம்பலும் காரணங்கள். ஈரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

எரிப்பது சரிவரவில்லை, செரிக்கவைப்போம் என்று 2003 வாக்கில் லக்னோவில் 5 மெகாவாட் உயிரிவாயு ஆலை ஒன்று வந்தது. திசை சரியானதுதான். ஆனால் பிரித்த குப்பை வந்து சேரவில்லை. கல்லும் மண்ணும் பாலிதீனும் கலந்து வந்ததில் அதுவும் மூடப்பட்டது. செரிகலன் என்பது பெரிய மாட்டு வயிறு; பாலிதீன் பை தின்ற மாட்டுக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் கோயம்பேடு சந்தைக்கென 30 டன் திறனில் ஓர் உயிரிவாயு நிலையம் 2000களின் நடுவில் வந்தது. ஓடியதும் நின்றதுமாக அதன் கதை. இத்தனைக்கும் முட்டைக்கோஸ் தழை, வாழைத்தார்க் காம்பு, அழுகின தக்காளி என்று பிரிக்கவே தேவைப்படாத குப்பை கிடைக்கும் இடம் அது. சேத்துப்பட்டில் 100 டன் பயோ சிஎன்ஜி ஆலை வந்திருக்கிறது, நல்லது. நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேரும், அதில் ஏறக்குறையப் பாதி மக்கக்கூடியதாக இருக்கும் ஊரில் நூறு டன் என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இனி, தீர்மானத்தில் நீங்கள் நேரடியாகத் திருத்தக்கூடிய இடத்துக்கு வருகிறேன். குப்பை அள்ளும் ஒப்பந்தங்கள் நெடுங்காலமாக டன் கணக்கில் போடப்படுகின்றன. லாரி எடைமேடையில் ஏறும், சீட்டு வரும், சீட்டுக்குப் பணம். இந்த ஏற்பாட்டில் ஒப்பந்ததாரருக்கு எது லாபம்? கனமான குப்பை. ஈரமும் கட்டட இடிபாடும் கலந்தால் எடை கூடும். காய்ந்த இலையை மரத்தடியிலேயே மக்கவிட்டால், ஓட்டல் கழிவு ஓட்டல் வளாகத்திலேயே வாயுவானால் அவருக்கு வருமானம் குறையும். குப்பையைக் குறைக்க வேண்டிய வேலையை, குப்பை குறைந்தால் நட்டப்படுகிறவரிடம் கொடுத்திருக்கிறோம். இது அவருடைய கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். நாம் எழுதிக் கொடுத்த கணக்கு அப்படி. சென்னையில் 2020 முதல் ஏழு மண்டலங்களில் எடைக்கணக்கை விட்டுச் செயல்பாட்டு அளவுகோல்களின்படி பணம் தரும் முறை வந்தது. அது போக வேண்டிய தூரத்தில் பாதி. தெரு சுத்தமாக இருக்கிறதா என்பது ஓர் அளவுகோல், சரி. அள்ளிய குப்பை என்னவாயிற்று என்பது இன்னும் பெரிய அளவுகோல்.

தென்கொரியாவில் எடைக்கணக்கு உண்டு, ஆனால் தலைகீழாக. 2005இல் உணவுக்கழிவை நேரடியாக நிலத்தில் கொட்டத் தடை போட்டார்கள். 2013 முதல் போடும் அளவுக்கு ஏற்பக் குடும்பங்கள் பணம் கட்டுகின்றன; பல அடுக்குமாடிகளில் தொட்டியே எடை பார்த்துக் கணக்கெழுதுகிறது. போடுகிறவர் கிலோவுக்குக் கட்டுகிறார். நம் ஊரில் அந்த அளவு கெடுபிடி இப்போதைக்கு நடக்காது. உங்கள் ஓட்டு என்னாவது! அதைக் கேட்கவும் இல்லை.

உரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதியாக வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். தமிழ்நாடு முழுக்க நுண் உர மையங்கள் கட்டியிருக்கிறோம். பல மையங்களில் தொட்டிகள் நிரம்பி, மக்கி, சலித்து, மூட்டை கட்டி, மூட்டை அப்படியே அடுக்கிக் கிடக்கிறது. விவசாயி ஏன் வாங்குவதில்லை? அவர் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை மானியம் போக 267 ரூபாய்க்குள். அதில் இருபது கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர மட்கில் (கம்போஸ்டில்) இருக்க வேண்டிய குறைந்தபட்ச நைட்ரஜன் 0.8 சதவீதம். யூரியா மூட்டை ஒன்று தரும் நைட்ரஜனுக்கு இரண்டரை டன் மட்கு வேண்டும். வண்டி வாடகையே யூரியா விலையைப் பல முறை விழுங்கிவிடும். நைட்ரஜனுக்காக மட்கை விற்க நினைத்தால் விற்காது. அது விற்க வேண்டியது அங்ககக் கரிமத்துக்காக. நம் மானாவாரி நிலங்களில் பெரும்பகுதியில் அரை சதவீதம்கூட அது இல்லை. மண் ஈரத்தைப் பிடித்துவைக்க, போட்ட ரசாயன உரம் வேரில் நிற்க அதுதான் வேண்டும். மத்திய அரசு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்ததும் இந்த விலை வித்தியாசத்தை ஈடுகட்டத்தான்.

விலையைவிடப் பெரிய தடை கண்ணாடி. ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையை மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து வயலுக்கு ஏற்றிப் போனவர்கள் இதே விவசாயிகள். உடைந்த பல்பும் பிளேடும் ஊசியும் பாலிதீனும் கலக்க ஆரம்பித்த பிறகு வண்டி வருவது நின்றது. நாற்று நடும் பெண்ணின் காலைக் கிழிக்கும் எருவை இலவசமாகக் கொடுத்தாலும் யார் வாங்குவார்? கண்ணுக்குத் தெரியாத சங்கதியும் உண்டு. ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5, பாதரசம் 0.15 என்று அதே உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது. பேட்டரியும் டியூப்லைட்டும் தொட்டியில் விழுந்த பிறகு எந்தச் சல்லடையும் அவற்றைப் பிரிக்காது. பரிசோதனைச் சான்றில்லாமல் ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது என்று நீங்கள் தீர்மானம் போடலாம். சான்று இருந்தால் முதல் வாடிக்கையாளர் நீங்களே ஆகலாம்: பூங்காக்கள், சாலை நடுத்திட்டுகள், மாநகராட்சிப் பள்ளித் தோட்டங்கள், அருகிலுள்ள வனத்துறை, தோட்டக்கலைத் துறை நாற்றங்கால்கள். தூரம் போனால் கட்டாது என்பதால் மட்கின் சந்தை எப்போதும் பக்கத்தில்தான். ஒரு கையால் மட்கைக் குவித்துவைத்துக்கொண்டு மறுகையால் பூங்காவுக்குத் தொழுவுரம் வாங்க டெண்டர் விடும் நகராட்சியை என்ன சொல்வது?

மற்ற பொருள்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கோடையில் தெருவெல்லாம் குவியும் இளநீர்க் கூடு, பிரித்தே கிடைக்கும் சரக்கு. நாரும் நார்த்தூளும் விலைபோகும், பொள்ளாச்சிப் பக்கம் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோயில் பூ, பூச்சந்தைப் பூ, கல்யாண மண்டபத்துப் பூ இன்னொன்று. கான்பூரில் 2017இல் தொடங்கிய ஒரு நிறுவனம் கங்கையில் போய்க்கொண்டிருந்த கோயில் பூக்களிலிருந்து ஊதுபத்தி செய்து நல்ல வியாபாரமாக்கிவிட்டது. மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் பூவுக்கா பஞ்சம்?

புழு விஷயம் சற்று விரிவானது. பி.எஸ்.எஃப். என்று சொல்லப்படும் கறுப்பு ஈயின் புழு, சமையலறைக் கழிவை இரண்டு வாரம் தின்று கொழுக்கும். உலர்த்தினால் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் புரதம். சோயா விலை ஏறும்போதெல்லாம் தவிக்கும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் மீன் வளர்ப்போருக்கும் இது காதில் விழுந்திருக்கும். வளர்ந்த ஈ நம் உணவை மொய்ப்பதில்லை, ஆகவே வீட்டு ஈக்கு உள்ள பயம் இதற்கு வேண்டாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017இல் மீனுக்கும் 2021இல் கோழி, பன்றிக்கும் அனுமதித்தபோதும், அந்தப் பூச்சிக்கு ஓட்டல் எச்சத்தைக் கொடுக்கக் கூடாது என்ற தடையை எடுக்கவில்லை. நோய் சுற்றிவரும் என்ற அச்சம். காய்கறிச் சந்தைக் கழிவில் மட்டும் தொடங்குவது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். பண்ணைக்காரர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் ஈக்கூண்டு கட்டாதீர்கள்.

குப்பையிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று யாராவது வந்தால் காப்பி கொடுத்து அனுப்புங்கள். அறிவியல் உண்மையானது, அழகானதும்கூட. குப்பை செரித்து வாயுவாவதற்கு முன், பாதிவழியில் நிறுத்தினால் கொழுப்பு அமிலங்கள் கிடைக்கும். அவற்றைச் சில பாக்டீரியாக்களுக்கு விருந்தும் பட்டினியுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தால், பஞ்ச காலத்துக்கென அவை உடலுக்குள்ளே ஒரு பாலிமரைச் சேமித்துவைக்கும். அதைப் பிரித்தெடுத்தால் மண்ணில் மக்கும் பிளாஸ்டிக். பிஎச்ஏ என்று பெயர். ரோமின் சபியென்சா பல்கலைக்கழகம் வழிநடத்திய ஐரோப்பியத் திட்டமொன்றில், இத்தாலியின் திரெவீசோ நகரத்து உணவுக்கழிவைக் கழிவுநீர்ச் சகதியோடு சேர்த்துச் சோதனை அளவில் செய்தும் காட்டினார்கள். ஆனால் எண்ணெயிலிருந்து வரும் பிளாஸ்டிக்கைவிட அது இன்னும் சில மடங்கு விலை. ஐஐடிகளும் பல்கலைக்கழகங்களும் முயலட்டும். உங்கள் வார்டின் வரிப்பணம் அதில் போக வேண்டாம்.

எந்தப் பொருளைத் தொட்டாலும் பேச்சு கடைசியில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. மிலான் நகரம் 2012க்கும் 2014க்கும் இடையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஈரக்குப்பையைத் தனியாகப் போடவைத்தது. வீட்டுக்கு வீடு காற்றுப்போகும் சின்னக் கூடை, மக்கும் பை, பிரிக்காத கட்டடங்களுக்கு அபராதம். அதற்கு முன்பே, 2011இல், மக்காத கேரிபேக்கை இத்தாலி தடை செய்திருந்தது முக்கியமான உதவி. நாமும் 2019 ஜனவரி 1 முதல் கேரிபேக்கைத் தடை செய்துவிட்டோம், மஞ்சப்பையும் எடுத்தோம். இருந்தும் இன்று காலை உங்கள் தெருவில் வந்த வண்டியில் சோறும் குழம்பும் எதில் கட்டி விழுந்தன என்று போய்ப் பாருங்கள். அந்த முடிச்சை அவிழ்ப்பது தூய்மைப் பணியாளரின் விரல்கள். அதற்குள்ளே நாப்கினும் இருக்கும், ஊசியும் இருக்கும். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் போராட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் இந்த வேலையைச் செய்கிறவர்கள்தான். தரம் பிரிக்கும் நேரத்துக்கும் திறமைக்கும் தனியாகக் கூலி இல்லாத ஒப்பந்தத்தில், இந்தூர் அளவுக்குச் சுத்தமான சரக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சட்டீஸ்கரின் அம்பிகாபூரில் சுயஉதவிக் குழுப் பெண்களே வீடுவீடாக வாங்கிப் பிரித்து விற்று வருகிறார்கள். அந்த ஊரின் பழைய கிடங்கு இப்போது பூங்கா. சின்ன ஊர்தான். ஆனால் நம் நகராட்சிகளில் பல அந்த அளவுதானே?

முதலில் பெரிய இடங்களைப் பிடியுங்கள். நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை போடும் ஓட்டல், மண்டபம், விடுதி, மருத்துவமனை ஆகியவை தாங்களே பிரித்துத் தர வேண்டும், ஈரக்குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும் என்பது 2016 விதியிலேயே வந்துவிட்டது. முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தில் குவியும் எச்சில் இலையும் காய்கறிக் கழிவும் போதும், ஒரு நுண் உர மையத்துக்கு. மண்டப உரிமையாளர்கள் பலர் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்பது தடையாகவும் அமையும், வசதியாகவும் அமையும்.

உர மையம் வருகிறது என்றால் அந்தத் தெருக்காரர்கள் மறியல் செய்வார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். நாற்றம் பொய்யில்லை. ஈரம் மிஞ்சி, காற்று போகாமல், காய்ந்த சருகு சேர்க்காமல் போட்ட தொட்டி நாறத்தான் செய்யும். முன்பு கட்டியவற்றை ஒழுங்காக நடத்திக் காட்டியிருந்தால் இன்று அவர்கள் வந்து நிற்கமாட்டார்கள். குப்பைக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் வாழும் பெருங்குடிக்காரர்களும் கொடுங்கையூர்க்காரர்களும் வெள்ளலூர்க்காரர்களும் ஊருக்காக எத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தங்கள் குப்பையைத் தங்கள் வார்டிலேயே மக்கவைக்கும் ஏற்பாட்டுக்கு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் வசதியான வார்டுக்காரர்கள்தான். அங்கேதான் எதிர்ப்பு பலமாக இருக்கும், அங்கேதான் வக்கீலும் இருப்பார்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சிறு வேலை. சுகாதாரப் பிரிவிடம் மாதாந்தரக் கணக்கு ஒன்று கேளுங்கள்: உர மையங்களுக்கும் வாயு ஆலைக்கும் போன ஈரக்குப்பை எத்தனை டன், வெளியே வந்த வாயு எத்தனை கிலோ, மட்கு எத்தனை டன், அதில் விற்றது எவ்வளவு, யாருக்கு, என்ன விலைக்கு, உள்ளே போனதில் கலப்படம் என்று திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி கிடங்குக்கே போனது எவ்வளவு. கடைசியாகச் சொன்ன அந்த எண்ணைத்தான் தரத் தயங்குவார்கள். அது எந்த வார்டிலிருந்து வந்தது என்றும் பிரித்துக் கேளுங்கள். உங்கள் வார்டாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
சொத்துவரியோடு குப்பை வரியும் கட்டிவரும் ஒரு நகரவாசி